மலிவு என்பது யாருடையது

விலைவாசியைப் பற்றிப் பேசுவது தினசரிகளின் வேலை, சிறுபத்திரிகையின் வேலை இல்லை என்று நம்மில் சிலர் நினைக்கலாம். விலை வெறும் எண்ணாக இருந்தால் அவர்கள் நினைப்பது சரி. ஆனால் ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் காசு, அதைச் செய்தவனுடைய ஒரு பொழுதுக்கு நாம் போடும் மதிப்பும்கூட. அந்த அளவில் விலை ஒரு தார்மீகத் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைத் தினமும் பத்துத் தடவையாவது, யோசனையே இல்லாமல், வழங்கிக்கொண்டிருக்கிறோம். யோசிக்காமல் செய்ய முடிகிறதென்றால் அது பழக்கத்தின் உபயம். பழக்கம் செல்லுபடியாகாத இடத்தில் நின்றால்தான் தீர்ப்பு தீர்ப்பாகத் தெரியும். கையிலிருக்கும் காசு போதாத ஓர் அந்நிய நாடு அப்படிப்பட்ட இடம்.

2024 ஜூலையில் நார்வேயில் 18 நாட்கள் இருந்தேன். போன காரணம் இங்கே முக்கியமில்லை. ரயில் டிக்கெட் போக, நாளொன்றுக்கு 250 க்ரோனர் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். அப்போது ஒரு க்ரோனர் ஏறத்தாழ 8 ரூபாய். ஆகவே 2000 ரூபாய். எங்கள் ஊரில் ஒரு சிறு குடும்பம் ஒரு வாரம் அடுப்பெரிக்கக்கூடிய தொகை. ஓஸ்லோவில் அது நாலு கப் காப்பிக்கும் ஒரு ரொட்டிக்கும் சரியாகப் போய்விடும். ஒரு கப் காப்பி 45 க்ரோனர். நம்மவன் எவனுக்கும் அந்தப் பலகையைப் பார்த்ததும் மனசுக்குள் எட்டாம் வாய்ப்பாடு ஓட ஆரம்பித்துவிடும். 360 ரூபாய். உடனே ஒரு கோபம். யாரோ நம்மை ஏமாற்றுகிறார்கள் என்கிற கோபம்.

இந்தக் கோபத்தைச் சற்று நிறுத்திப் பரிசீலிக்க வேண்டும். யார் ஏமாற்றுகிறார்கள்? காப்பி போட்டுத் தந்த பெண்ணா? நார்வேயில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசிக் கூலியை முடிவு செய்கிறார்கள். சில தொழில்களில் அப்படி முடிவானதை அந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் பொருந்தும்படி அரசு வாரியம் ஆக்கிவிடுகிறது. ஓட்டல் தொழில் அவற்றில் ஒன்று. ஆகவே கோப்பை கழுவுகிறவரின் கூலியும் ஓரளவுக்குக் கீழே போக முடியாது. நான் கொடுக்கும் 45 க்ரோனரில் காப்பிக்கொட்டையின் பங்கு சொற்பம். பெரும்பகுதி வாடகைக்கும் வரிக்கும், அந்தப் பெண் மாலையில் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனுஷியாக உட்காருவதற்கும் போகிறது. விலை அதிகம் என்று நான் முனகினால் அதன் நேரான அர்த்தம், இவளுக்கு இவ்வளவு எதற்கு என்பதுதான்.

இதை இப்படியே விட்டுவிட்டால் ஒரு நல்லுபதேசமாக முடிந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கூலி நியாயமாகத்தான் வருகிறதா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பெலா பலாஸ்ஸா, பால் சாமுவேல்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1964இல் தனித்தனியே ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். முடிவெட்டுகிறவர் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் முடி வெட்டுகிறார். ஆனால் பணக்கார நாட்டில் அதற்கு விலை பல மடங்கு. அந்த நாட்டின் ஆலைகளில், ஏற்றுமதித் தொழில்களில், ஒரு மணி நேர உழைப்பு நிறையப் பணம் ஈட்டுகிறது. அங்கே கூலி ஏறுகிறது. அந்தக் கூலிக்குப் பக்கத்தில் தன் கூலியை வைக்காவிட்டால் கத்தரிக்கோலைப் பிடிக்க ஆள் வரமாட்டான். ஓஸ்லோவின் நாவிதருக்கு அதிகம் கிடைப்பது அவருடைய கத்தரிக்கோலின் திறமையால் அல்ல. அண்டை வீட்டுக்காரனுக்கு அதிகம் கிடைப்பதால்.

நார்வே விஷயத்தில் அண்டை வீட்டுக்காரன் கடல். 1969இல் வடகடலின் எகோஃபிஸ்க் பகுதியில் எண்ணெய் இருப்பது தெரியவந்தது. அதற்கு முன்னும் அது பிச்சைக்கார நாடு இல்லைதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும் சுமார் 8 லட்சம் பேர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய நாடு. ஆகவே எங்கள் தெரு நாவிதருக்கும் ஓஸ்லோ நாவிதருக்கும் இடையிலுள்ள தூரம் உழைப்பின் தூரம் இல்லை, தகுதியின் தூரமும் இல்லை. ஒருவர் தன் நாட்டின் அதிர்ஷ்டத்தில் தன் பங்கை வாங்குகிறார். மற்றவர் தன் நாட்டின் துரதிர்ஷ்டத்தில் தன் பங்கைச் சுமக்கிறார். அதிர்ஷ்டம் மட்டும் போதாது, அதைப் பங்கு போடவும் வேண்டும் என்று சொல்லும் சங்கங்கள் இருந்தன என்பதுதான் நார்வேக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு. எண்ணெய் கிடைத்த எல்லா நாடுகளிலும் கோப்பை கழுவுகிறவருக்குப் பங்கு கிடைத்துவிடவில்லை.

இங்கிருந்து ஒரு விபரீதமான முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. மலிவு என்பது இயற்கையான நிலை, விலை ஏற்றம் அதன் மேல் படிந்த நோய் என்றுதான் நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். வாஸ்தவத்தில் நம் ஊர் மலிவு ஒரு தானம். இல்லாதவன், சற்றே இருப்பவனுக்கு, தினமும், பெயர் சொல்லாமல் செய்யும் தானம். இஸ்திரிக்காரர், பாத்திரம் தேய்க்கும் அம்மாள், லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர், டீக்கடைப் பையன் ஆகியோர் தங்கள் நாளில் ஒரு துண்டை வெட்டி நம் சௌகரியத்தில் சேர்க்கிறார்கள். மாதச் சம்பளக்காரன் எவனும், எழுத்தாளன் உட்பட, இந்தத் தானத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் தன்னை ஏழை என்று சொல்லிக்கொள்கிறான். விலை அதிகமான நாட்டில் அந்தத் தானம் வாபஸ் வாங்கப்பட்டுவிடுகிறது. அவனுக்கு வரும் அதிர்ச்சியின் பாதி இதுதான். காசு குறைந்தது மட்டுமில்லை. சுற்றி நின்ற ஆட்களும் போய்விட்டார்கள்.

நார்வேயில் சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்து வைக்கிறார்கள். பெட்டியை அவரவரே தூக்குகிறார்கள். ஆபீஸ் போகிறவர்கள் ரொட்டித் துண்டங்களை, நடுவே காகிதம் வைத்துப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போகிறார்கள். மாட்பக்கே என்று அதற்குப் பெயர். கிளார்க்கும் கொண்டுவருகிறார், மேலதிகாரியும் கொண்டுவருகிறார். யாரும் அதற்குக் கூச்சப்படுவதில்லை. பூங்காவில் உட்கார்ந்து ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்ற என்னை ஏழை என்று ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை, ஏனென்றால் பக்கத்து பெஞ்சிலும் அதையேதான் தின்றுகொண்டிருந்தார்கள். தன் காரியத்தைத் தானே செய்துகொள்வதை காந்தி ஆசிரம விரதமாக வைத்தார். விரதம் எடுத்தவர்களுக்கே அது கடினமாக இருந்தது. ஓஸ்லோவில் எந்த விரதமும் இல்லை, கூலி விகிதம் அந்தக் காரியத்தைச் செய்துவிடுகிறது. அறம் மனசில் தோன்றித்தான் செயலுக்கு வரவேண்டும் என்பதில்லை என்று எனக்குப் படுகிறது. சில சமயம் அது விலைப் பலகையிலிருந்து இறங்கி வருகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. நார்வே தன் மலிவை ஒழித்துவிடவில்லை, வெளியூருக்கு அனுப்பிவிட்டது என்று சொல்லலாம். சரிதான். அங்கே வளர்க்கும் ஸால்மன் மீனில் ஒரு பெரும் பங்கு போலந்துக்குப் போய்த்தான் துண்டு போடப்படுகிறது. அறுக்கும் கைக்கு அங்கே கூலி குறைவு. அவர்கள் போட்டிருக்கும் சட்டையைத் தைத்தவர் டாக்காவில் இருக்கலாம். ஆக, தானம் வாங்காத தேசம் என்று அதைக் கொண்டாடுவதற்கில்லை. நம் ஊரில் தானம் கொடுப்பவர் எதிரிலேயே நிற்கிறார், நாம் அவரைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அங்கே அவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். பார்க்காமலிருக்கக் கற்றுக்கொள்ளவே தேவையில்லை. இரண்டில் எது மேல் என்று தீர்மானிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் எதிரில் நிற்பவர் விஷயத்தில் ஏதாவது செய்ய முடியும் என்பதால் நம்முடைய குற்றம் கூடுதல் என்றே தோன்றுகிறது.

நமக்கு நார்வே வரைபடத்தில் வந்த நாடு இல்லை. க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' வழியாக வந்த நாடு. நட் ஹாம்சன் 1917இல் எழுதி, 1920இல் நோபல் பரிசு வாங்கித் தந்த நாவல். ஆனால் காசில்லாமல் ஓஸ்லோவில் நடக்கிறவனுக்கு ஞாபகம் வருவது அவருடைய 1890ஆம் வருஷத்துப் 'பசி'தான். அப்போது ஓஸ்லோவுக்கு கிறிஸ்தியானியா என்று பெயர். பெயரில்லாத ஓர் எழுத்தாளன் அந்த நகரத் தெருக்களில் பட்டினியாக அலைகிறான். ஒரு பிச்சைக்காரனுக்குக் காசு கொடுப்பதற்காகத் தன் வெயிஸ்ட்கோட்டை அடகு வைக்கிறான். நான் எடுத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான்: அவனிடம் பட்ஜெட் கிடையாது. பட்ஜெட் என்பது நாளைக்கும் காசு இருக்கும் என்று நம்புகிறவனின் சாதனம். பசித்தவனுக்கு இன்று மட்டும்தான் உண்டு. அதனால்தான் அவன் ஊதாரியாகவும் இருக்க முடிகிறது. 250 க்ரோனர் என்று வரம்பு கட்டிக்கொண்டு நடக்கிற பிரயாணியை அவனுடைய வம்சத்தில் சேர்ப்பது ஹாம்சனுக்கும் அவமானம், பசிக்கும் அவமானம். திரும்பிப்போகும் டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிற வறுமை வறுமை இல்லை.

அப்படியானால் அது என்ன? இரண்டாவது மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1888இலிருந்து 1891 வரை லண்டனில் சட்டம் படித்த காந்தி. அந்நிய நாடு, எக்கச்சக்கமான விலை, அண்ணன் ஊரிலிருந்து அனுப்பும் பணம். காலணா விடாமல் கணக்கு எழுதினார். இரண்டு அறையிலிருந்து ஒரு அறைக்கு மாறினார். வண்டிக்குக் கொடுக்காமல் தினமும் எட்டுப் பத்து மைல் நடந்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தானே காய்ச்சிக்கொண்டார். நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் சாப்பாட்டை முடித்ததாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இந்தச் சிக்கனத்தின் பொருள் கணக்கு நோட்டில் இல்லை. அது யாருடைய காசு என்பதில் இருக்கிறது. அண்ணனுடைய உழைப்பைத் தின்கிறோம் என்ற பிரக்ஞை அதற்குள் இருந்தது. சிக்கனம் இங்கே கடன்பட்டவனின் மரியாதை.

மூன்றாவது மாதிரி ஆர்னே நேஸ். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் 1939இலிருந்து தத்துவப் பேராசிரியர், காந்தியைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர், 2009இல் காலமானார். ஓஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயில் உஸ்தாஓசே என்ற சிறு ஸ்டேஷனைத் தாண்டும்போது வடக்கே ஹல்லிங்ஸ்கார்வெ மலை ஒரு நீண்ட சுவர் மாதிரி நிற்கிறது. அதன் சரிவில், சுமார் 1500 மீட்டர் உயரத்தில், 1930களின் பிற்பாதியில் அவர் ஒரு குடிசை கட்டினார். த்வெர்காஸ்டைன் என்று பெயர். வருஷக்கணக்கில் அங்கே வாழ்ந்தார். சாதனங்கள் எளியவையாகவும் நோக்கங்கள் வளமானவையாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய தத்துவத்தின் சாரம். அழகான கொள்கை. ஆனாலும் ரயில் ஜன்னலிலிருந்து அந்த மலையைப் பார்த்தபோது, எளிமையைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு சம்பளம் வேண்டியிருக்கிறதே என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை. அந்த எண்ணத்தால் நேஸின் கொள்கை பொய்யாகிவிடாது. தேர்வு என்ற சொல்லை யாரிடம் பேசும்போது உபயோகிக்கலாம், யாரிடம் கூடாது என்பதை மட்டும் அது சொல்கிறது.

பசி திணிக்கப்பட்டது. சிக்கனம் கடன்பட்டது. எளிமை தேர்ந்தது. செலவைச் சுருக்கிப் பயணம் போகிறவன் இந்த மூன்றிலும் சேரமாட்டான். அவன் மிச்சம் பிடிப்பது இன்னொரு ஊரைப் பார்ப்பதற்காக. குறைந்த காசில் அதிக நாட்டை வாங்குகிற வியாபாரம் அது. இந்த வியாபாரத்துக்கு அவனுக்கு ஒத்தாசை செய்வது மற்றவர்கள் கட்டிவைத்த பொதுச்சொத்து. நார்வேயில் 1957ஆம் வருஷச் சட்டம் ஒன்று, நெடுங்காலமாக வழக்கத்திலிருந்த ஓர் உரிமையை எழுத்தில் கொண்டுவந்தது. பயிரிடாத நிலம் யாருடையதானாலும் அதில் யாரும் நடக்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடலாம். இரண்டு இரவு வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாட்டின் குடிமகன்தான் என்றில்லை, வந்தவன் போனவன் எவனுக்கும் இந்த உரிமை உண்டு. நான் அங்கே தங்கியதில் பாதி இரவுகளுக்கு மேல் இந்தச் சட்டத்தின் கீழ்தான் தூங்கினேன். அறை வாடகை கொடுத்திருந்தால் ஆறே நாளில் ஊர் திரும்பியிருக்க வேண்டும். உலகத்திலேயே அதிகம் செலவாகும் நாடுகளில் ஒன்றில் படுக்கும் தரை இலவசம். நம் நாட்டில் படுக்கும் தரைக்கு எப்படியும் ஒரு போலீஸ்காரர் வந்து பதில் கேட்பார்.

இந்த உரிமையை அனுபவிக்கிற அந்நியன் அதற்கு என்ன தரவேண்டும்? சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் ஒரு மலைக்குடிசையில் ஓரிரவு தங்கியபோது இந்தக் கேள்வி உருவம் எடுத்து எதிரில் உட்கார்ந்தது. 1868இல் தொடங்கிய மலையேற்றச் சங்கம் ஒன்று நாடு முழுக்க 550க்கும் மேற்பட்ட குடிசைகளை நடத்துகிறது. பலவற்றில் காவலாள் கிடையாது. உறுப்பினர்களின் சாவி ஒன்று பல குடிசைகளைத் திறக்கும். உள்ளே விறகு, படுக்கை, அலமாரி நிறைய டின் உணவு, விலைப்பட்டியல். எடுத்ததை எழுதி, தங்கியதை எழுதி, பணத்தைக் கட்டிவிட்டுப் போக வேண்டியது. பார்க்க ஒருவருமில்லை. அன்று அங்கே நான் மட்டும்தான். வெளியே மழை. ரொட்டி முந்தின நாளே தீர்ந்திருந்தது.

அந்த டின் ஓஸ்லோக்காரருக்கு அரைமணி நேரக் கூலிக்கும் குறைவு. எனக்கு ஊரில் இரண்டு நாள் சாப்பாடு. ஆக, ஒரே நேர்மை, இரண்டு பேருக்கு இரண்டு விலை. நாணயமான மக்கள் என்று நார்வேஜியர்களை எல்லாரும் புகழ்கிறார்கள். அவர்களுடைய நாணயம் அவர்களுக்கு அகப்படும் விலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாதவன் பட்டியலில் எழுதும் ஒரு வரி அதே வரிதான், ஆனால் கனம் அதிகம். இதை வைத்துக்கொண்டு இல்லாதவனுக்குச் சலுகை கேட்கலாமா என்று அந்த அலமாரியின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். கேட்க முடியாது என்ற முடிவுக்குத்தான் வந்தேன். அந்த டின்னை யாரோ மலைமேல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நான் எழுதாமல் விட்டால் அது சங்கத்தின் கணக்கில் குறைவதோடு நிற்காது. அடுத்து நனைந்து வருகிறவனுக்குத் திறந்திருக்கும் கதவில் குறையும். எழுதினேன். அன்றைய 250 தாண்டிப்போயிற்று. மறுநாள் ஓட்ஸைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். காந்தியின் கணக்கு நோட்டு எனக்குப் புரிய ஆரம்பித்தது அப்போதுதான். யாருடைய முதுகில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் கணக்கு. மிச்சம் பிடிப்பது அதன் உபவிளைவு.

கடைசி நாள் ஓஸ்லோ மத்திய ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு வயசானவர் பெரிய பையோடு நின்றிருந்தார். அந்த நாட்டில் பாட்டில் பானம் வாங்கும்போது பாட்டிலுக்கும் முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். 2024இல் சிறிய பாட்டிலுக்கு 2 க்ரோனர், பெரியதுக்கு 3. காலிப் பாட்டிலைக் கடையிலிருக்கும் இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பி வரும். குப்பைத்தொட்டிகளில் பாட்டில் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் அந்த வளமான நகரத்திலும் இருக்கிறார்கள். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் வாங்கிய அரை லிட்டர் பாட்டில். 18 நாளும் குழாய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தது. பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன். அவர் எடுத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, சொல்லவேண்டியதுமில்லை. அது அடகு வைத்த வெயிஸ்ட்கோட் இல்லை, எனக்கு ஒன்றுமே குறையவில்லை. அந்த ஊரில் யாருக்கும் குறையாத காசு அது. ஆகவேதான் குப்பைத்தொட்டியில் கிடைக்கிறது.

வெளிநாட்டில் வாய்ப்பாடு போடும் வழக்கத்தை நாம் விடவேண்டியதில்லை. திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். 45ஐ 8ஆல் பெருக்கினால் கோபம் வருகிறது, அதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது ஏதுமில்லை. நம் டீயை 8ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தெரு முனையில் டீ 15 ரூபாய். வகுத்தால் 2 க்ரோனருக்குச் சற்றுக் குறைவு. 2024இல் ஓஸ்லோவில் ஒரு சிறிய காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைத்த தொகை அது. அதற்குள் நமக்குப் பால் வருகிறது, தேயிலை வருகிறது, சர்க்கரை, எரியும் அடுப்பு, விடியற்காலை நாலு மணிக்கு அந்த அடுப்பைப் பற்றவைக்கிறவருடைய தூக்கம், கண்ணாடி டம்ளரைக் கழுவித் தருகிற கை எல்லாம் வந்துவிடுகின்றன. எப்படி வந்தன, யார் எதை விட்டுக்கொடுத்ததால் வந்தன என்று கேட்டுக்கொண்டு குடிக்கிற டீ முன்னைப் போல ருசிக்காது. ருசிக்க வேண்டும் என்று என்ன அவசியம்?